கீழ் டிராயர்

எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இடம் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

முப்பத்திரண்டு வயதில், பத்து வருடம் வேலை பார்த்த பிறகு, புள்ளியியல் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 'தங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது' என்றது. எத்தனையாவது பெயர் என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

இதில் என்ன கூத்து என்றால், காத்திருப்போர் பட்டியல்தான் என் பிழைப்பே. கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நான். யாரைக் கூப்பிடுவது, யாரை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது, 'கண்டிப்பா வரேன்' என்று சொல்லிவிட்டு யார் வரமாட்டார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. படிக்க ஆசை வந்ததும் அதனால்தான். ஒரு பட்டியலிலிருந்து யார் வெளியே வருகிறார்கள், யார் உள்ளேயே தங்கிவிடுகிறார்கள், ஏன்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பக் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னையும் ஒரு பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் விட்டால் விட்டதுதான். இரண்டு வருட விடுப்புக்கு மருத்துவமனை எப்படியோ தலையாட்டியிருந்தது. அடுத்த வருடம் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். அப்போது என்னை ஒரு வாரம் விடுவதே பெரிது.

கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். போகும்போதும் வரும்போதும் நின்று துப்புத் துலக்கினேன். மேலே வலப்பக்கம் ஓர் எண் இருந்தது, கடைசி இரண்டு இலக்கம் பூஜ்யம் ஏழு. அப்படியானால் நான் ஏழாவது. 'தங்கள் தகுதியைக் குழு பெரிதும் மதிக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். 'பெரிதும்' என்ற சொல்லை எல்லோருக்கும் போடுவார்களா, முதல் பத்துப் பேருக்கு மட்டும் போடுவார்களா? கையெழுத்து பேனாவால் போட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், மை கலைந்தது. ஏழாவது ஆள் என்பதால்தான் பேனாவால் போட்டிருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன்.

"எச்சில் வச்சுப் பார்த்தியா? நல்லாயிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பேருந்து ஓட்டுபவர். காத்திருப்பவர்களைப் பற்றி அவருக்கும் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு. "நான் தினமும் பாக்கறேன். நிறுத்தத்துல முதல் ஆளா நிக்கறவன் ஏறுவான்னு நினைக்காத. கதவு எங்க வந்து நிக்குதோ அங்க நிக்கறவன்தான் ஏறுவான். ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்."

"போடமாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது பேர் போடறாங்க. 'என் முறை எப்போ, என் முறை எப்போ'ன்னு. கேக்கறதால ஒருத்தராவது ஒரு படி மேல போயிருக்காங்களா? எனக்குத் தலைவலிதான் மிச்சம். அந்தப் பாவத்தை நான் இன்னொருத்திக்குச் செய்யமாட்டேன்."

அந்தப் பக்கம் இருப்பது ஒரு பெண்தான் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. ஆனால் அவள் மேசை எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஒரு குவளையில் ஆறிப்போன தேநீர், மேலே ஓடாத மின்விசிறி. 'இவளுக்கெல்லாம் என்ன தெரியும்' என்று நினைக்கும் ஒரு மேலதிகாரி. அவளுக்கு முன்னால் நான் ஒரு நல்ல காத்திருப்பாளியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

இப்படியே ஒரு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அச்சகத்தில் பிழை திருத்துபவன். மற்றவர்கள் படிப்பதுபோல் அவன் படிக்கமாட்டான். கடைசி வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவான். மேலிருந்து படித்தால் விஷயத்தில் மனசு போய்விடுமாம், பிழை கண்ணில் படாதாம். கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரிலிருந்துதான் ஆரம்பிப்பான். தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றான்.

"இதுக்குப் பதில் அனுப்பிட்டியா?"

"எதுக்கு?"

"'பட்டியலில் தொடர விரும்புவோர் இருபதாம் தேதிக்குள் எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும்.' கடைசிப் பத்தி. பிழை ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு."

அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு.

அண்ணன் கையைத் தள்ளிவிட்டு நானே படித்தேன். இருந்தது. ஒரு மாதமாகத் தினம் பத்துத் தடவை பார்த்த காகிதத்தில் அது இருந்தது.

எப்படி விட்டேன் என்று எனக்குத் தெரியும், அதுதான் வெட்கக்கேடு. எங்கள் மருத்துவமனைக் கடிதத்தை எழுதியவளே நான். அதில் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே வண்டி எங்கே நிறுத்துவது என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. பல்கலைக்கழகக் கடிதத்திலும் 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒரு வரி. அந்த இடம் வந்ததும் என் கண் தானாக நின்றுவிட்டது. மீதி வண்டி நிறுத்துவதைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருத்தி அதைக் கடைசிவரை படித்திருப்பாள்.

"எச்சில் வச்சுப் பார்த்தவளுக்கு இது கண்ணுல படலையா?" என்றார் வீட்டுக்காரர். நான் அழ ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, நாளைக்குத் தொலைபேசியில் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலை, கோப்புகள் வைக்கும் அறையில் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினேன். எடுத்தது ஒரு பெண் குரல். நடுவயது இருக்கலாம். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். என் விண்ணப்ப எண்ணைச் சொன்னேன்.

"தேதி முடிஞ்சு ஒன்பது நாள் ஆச்சும்மா" என்றார். "பதில் வரலைன்னா பேரை எடுத்துடுவோம். கடிதத்துலயே போட்டிருக்கு."

கடுகடுப்பில்லை, கனிவும் இல்லை. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தினம் நாற்பது பேரிடம் நான் பேசுகிற குரல் அது. அதற்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"கடைசிப் பத்தியில இருக்கு. நேத்துதான் பார்த்தேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கேள்வி வந்தது. என் பிறவிக் குணம் அது. "எல்லாரும்னா எத்தனை பேர்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"மேடம், நானும் உங்க தொழில்தான். கண் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் பட்டியல் பாக்கறேன். எங்க ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாளுக்குள்ள 'வரேன்'னு உறுதிச் சீட்டைத் திருப்பி அனுப்பணும். அனுப்பலைன்னா பேரை அடிச்சுடுவேன்."

மெல்வது நின்றது. "நாங்க இருபது நாள் குடுக்கறோம்" என்றார்.

"பேரை எடுத்தப்பறம் அந்தக் காகிதம் எங்க போகும்? குப்பைக்கா?"

"குப்பையில எப்படிம்மா போடறது? யாராவது வந்து கேட்டா?"

"அப்ப ஒரு டிராயர் இருக்கு."

"டிராயரா?"

"கீழ் டிராயர்" என்றேன். "இழுத்தா பாதியில மாட்டிக்கும். பெரியவங்க யாருக்கும் அது இருக்கறதே தெரியாது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. "பாதியில இல்ல, முழுசாவே மாட்டிக்கும். கால் வச்சு உதைக்கணும். இருங்க." உதைக்கும் சத்தம் கேட்டது. காகிதம் புரளும் சத்தம்.

"பதினொண்ணு" என்றார்.

"என்னது?"

"உங்க இடம். பதினொண்ணாவது."

"ஏழு இல்லையா? மேல நம்பர்ல பூஜ்யம் ஏழுன்னு..."

"அது அச்சடிச்ச காகிதத்தோட நம்பர்மா. கட்டுக்கு ஒண்ணு வரும்."

ஒரு மாத ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் இன்னும் வைக்கவில்லை.

"ஒரு விஷயம் சொல்றேன். சனிக்கிழமை ஒரு இடம் காலியாச்சு. பதில் அனுப்பினவங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். சிலர் வேற எங்கேயோ சேர்ந்தாச்சு, சிலருக்கு இப்ப வேண்டாமாம். மிச்சம் இந்த டிராயர்தான். இதுல உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவதும் ஒன்பதாவதும். அவங்களும் கடைசிப் பத்தியைப் பாக்காதவங்கதான் போல. ஆனா அவங்க கூப்பிடலை, நீங்க கூப்பிட்டிருக்கீங்க." பிறகு கேட்டார். "நீங்க என் நாற்காலியில இருந்தா என்ன செய்வீங்க?"

கோப்பு அறையில் வேறு யாரும் இல்லை. எனக்கு முன்னால் அந்த இருவர். யார்? என்ன படித்தவர்கள்? அவர்கள் வீட்டிலும் கடிதம் எங்காவது ஒட்டியிருக்குமா? இப்போதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் அந்தம்மாவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று உட்கார்ந்திருப்பார்களா? மூணாவது ஆள் என்னைவிடக் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. 'அவங்களை முதல்ல கூப்பிடுங்க' என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் கேட்டது நான் என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. என்ன செய்வேன் என்று கேட்டார்.

"கூப்பிட்டவங்களைத்தான் எடுப்பேன்" என்றேன். "பத்து வருஷமா அப்படித்தான் செய்யறேன்."

அது முழு உண்மை. என் வாயிலிருந்து வந்த உண்மைகளிலேயே எனக்கு இவ்வளவு லாபம் தந்தது வேறு எதுவும் இல்லை.

"நானும் அதைத்தான் செய்வேன்" என்றார். "உங்க பேரை எப்பவோ எழுதியாச்சு. சும்மா கேட்டேன். வியாழக்கிழமைக்குள்ள சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க. இதையாவது கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேன் அக்கா."

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். பேருந்தைப் பணிமனையில் விட்டதும் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து என்னைத் தூக்காத குறைதான். அண்ணன் இனிமேல் எனக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் தன்னிடம் வரவேண்டும் என்றான். நானும் சிரித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அன்றிரவு அந்த இருவரைப் பற்றி நான் நினைக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை என் மேசையில் உட்கார்ந்தபோதுதான் நினைப்பு வந்தது. அந்த இருவரை எனக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை. என் டிராயரில் இருப்பவர்களை?

கீழ் டிராயரை இழுத்தேன். பாதியில் மாட்டியது. உள்ளே கையை விட்டு எடுத்தேன். இருபத்திரண்டு சீட்டுகள். எல்லாம் பதினைந்து நாளுக்குப் பிறகு வந்தவை. பெயரை அடித்துவிட்டு, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்தவை. கேட்டவர்களுடைய சீட்டை எடுத்து மறுபடி பட்டியலில் சேர்த்திருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இந்த இருபத்திரண்டு பேரும் கேட்கவில்லை. அதில் ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை.

ஒன்றை எடுத்தேன். துணி தைப்பவர் என்று தொழில் எழுதியிருந்தது. வயது அறுபத்து மூன்று. சீட்டு வந்து பதினான்கு மாதம். எண்ணை அழுத்தினேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"கண் ஆஸ்பத்திரியா?" என்றார். "என் முறை வந்துடுச்சாம்மா?"

"நீங்க இதுவரைக்கும் ஏம்மா ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கலை?" என்றேன். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

"சீட்டு அனுப்பியாச்சே. அப்பறம் எதுக்குக் கேக்கணும்? வரிசைன்னா வரும். உங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊசியில நூல் கோக்கத்தான் கஷ்டம். பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து காலையிலயே பத்து ஊசி கோத்து வச்சுட்டுப் போகும். பத்தும் தீந்துட்டா அன்னைக்கு வேலை அவ்வளவுதான்."

நான் சீட்டைத் திருப்பி, எங்கள் அலுவலக முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தேன். பதினேழாம் நாள் வந்திருக்கிறது. அவர் தாமதித்தது இரண்டு நாள். நான் தாமதித்தது ஒன்பது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒருவர் வரவில்லை என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தில் இவர் பெயரை எழுதினேன். தேதியை இரண்டு தடவை சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்களா ஞாபகம் வச்சிருந்து கூப்பிட்டீங்களே" என்றார். "இந்தக் காலத்துல யாரும்மா அப்படிச் செய்வாங்க? நீங்க நல்லா இருக்கணும்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றேன். அவர் விடவில்லை. என்னை, என் குடும்பத்தை, என் கையை, எல்லாவற்றையும் வாழ்த்தினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வைக்கவும் மனசு வரவில்லை. அவர் முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு, மீதி இருபத்தொன்றையும் மேசைமேல் தேதிப்படி அடுக்கினேன்.