நாலு மணிக்கு லைவ்

இசக்கிசெல்விக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கரமனையிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஸ்டாப் வந்துவிட்டதென்று இரண்டு தரம் எழுந்தாள். இரண்டு தரமும் கண்டக்டர் முறைத்த முறைப்பில் உட்கார்ந்தாள். சாலைக் கடைத்தெருவில் மகாராஜா அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் ஏழு வருஷமாகச் சேலை விரித்துக் காட்டி மடித்து அடுக்குகிறவள் அவள். ஒரு நாளும் இப்படிப் பறந்தது கிடையாது. இன்று புதன்கிழமை. நாலு மணிக்கு அவளுடைய முதல் லைவ்.

மாடி அறையில் கேமரா முன்னால் நின்று ஒவ்வொரு சேலையாக விரித்துப் பேச வேண்டும். வீட்டிலிருந்தபடி போனில் பார்க்கிறவர்கள் பிடித்ததை அங்கேயே எழுதிக் கேட்பார்கள். கடையில் வேலை பார்க்கும் சிஜி ஆறு மாதமாக உள்ளூர் ஜனங்களுக்கு மலையாளத்தில் இதைச் செய்து நல்ல பேர் வாங்கிவிட்டாள். "நாரோயில், வள்ளியூர் ஆளுகளுக்குத் தமிழ்ல ஒண்ணு போடுங்க அண்ணாச்சி, நான் பேசுதேன்" என்று இசக்கிசெல்வி கெஞ்சிக் கெஞ்சி, இரண்டு மாதம் கழித்துத்தான் அண்ணாச்சி இறங்கி வந்தார். அதுவும் எப்படி இறங்கினார் தெரியுமா?

"ஒரு தரம் பாப்பம். நல்லா வந்துச்சுன்னா தினமும் நீதான். இல்லேன்னா பேசாம கீழ போயி லைனிங் துணி வெட்டணும். பெறகு லைவுங்கிற பேச்சே என் காதுல விழப்படாது."

லைனிங் பிரிவு கடையின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே ஜாக்கெட் துணியை நீட்டுவார்கள், அதே கலரில் வெட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் காய்ச்சல் வருகிற ரகம் இசக்கிசெல்வி. கவுண்டரில் அவள் குரல் கொஞ்சம் ஏறினால், "அந்தத் தகர டப்பாவ யாராவது மூடுங்கப்பா" என்று கல்லாவிலிருந்து அண்ணாச்சியே கத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போனபிறகுதான் வலிக்கும்.

போனில் பேசினால் தெருச் சத்தமெல்லாம் சேர்ந்து வருகிறதென்று சிஜி நச்சரித்ததில் புது மைக் வந்திருந்தது. கறுப்பாக, ஒரு சாண் உயரம், கனமான வட்டக் கால். இதைப் பற்றி வந்த வீடியோவையெல்லாம் மூன்று ராத்திரி பார்த்துத் தீர்த்துவிட்டாள் இசக்கிசெல்வி. வயரை லேப்டாப்பில் செருக வேண்டும். செட்டிங்ஸில் போய் லேப்டாப்பின் சொந்த மைக்கை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உச்சியில் லேசாகத் தொட்டால் சத்தம் அடைபட்டுச் சிவப்பு எரியும், மறுபடி தொட்டால் பச்சை. இவ்வளவும் மனப்பாடம். ஆனாலும் முதல் தடவை குனிந்து மைக்கின் உச்சியில் வாயை வைத்துத்தான் பேசினாள்.

"ஐயோ சேச்சி, ஐஸ்கிரீம் தின்னுற மாதிரி மேலே வாய் வைக்கண்டா! முன்னாடி நின்னு, சைடில பேசணும், கேட்டோ" என்றாள் சிஜி.

பேசினாள். திரையில் சத்தத்தைக் காட்டுகிற கோடு எகிறிக் கடைசிவரை போய் முட்டியது. சிஜி மைக்கின் குமிழைத் திருகித் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள். "சேச்சிக்கு மைக்கே வேண்டா. இங்கிருந்து விளிச்சா பொன்முடி மலையில கேக்கும்" என்று சிரித்தாள்.

பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டபோது இசக்கிசெல்விக்கு நம்பவே முடியவில்லை. இதுவா என் குரல்? கனமாக, தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. தகரமும் இல்லை, டப்பாவும் இல்லை. இன்னொரு தரம் போடச் சொன்னாள், இன்னும் ஒரு தரம் போடச் சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு மாடியேறி வந்தார். கடைக்குப் புதிதாக எது வந்தாலும் அவர் கையால் சந்தனம் குங்குமம் வைக்காமல் வேலை தொடங்காது. பில் போடுகிற மெஷினிலிருந்து ஏணி வரைக்கும் பொட்டு வைத்திருக்கிறார். கண்ணை மூடி, பிள்ளையாரை நினைத்து, மைக்கின் உச்சந்தலையில் ஈரம் சொட்டச் சொட்டச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். "நல்லா வரட்டும்" என்றார். இசக்கிசெல்வியும் கும்பிட்டுக்கொண்டாள்.

நாலு மணி. "வணக்கம் அக்காமாரே!" என்று தொடங்கி, முதல் சேலையின் முந்தியைத் தோளில் போட்டாள். நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'சத்தம் வரலியே' என்று வள்ளியூர் கலைச்செல்வி எழுதினாள். பின்னாலேயே 'இப்ப வருது', அதன் பின்னாலேயே 'போயிட்டு'.

இசக்கிசெல்வி சிரித்த முகம் மாறாமல் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வயரை அழுத்தினாள். பிடுங்கிச் செருகினாள். செட்டிங்ஸைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. குமிழைக் கூட்டினாள். 'காது போச்சு' என்று ஒருத்தி எழுதினாள். குறைத்தாள். 'ஊமைப் படமா?' என்று இன்னொருத்தி. நூற்று நாற்பது தொண்ணூறாகி, அறுபதாகி இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அடித்தளத்துப் படிக்கட்டு தெரிந்தது.

சிஜி கையிலிருந்த இசக்கிசெல்வியின் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா பேச்சி. சிஜி அதை அவள் காதில் வைத்தாள்.

"ஏட்டி, வாய்தான் அசையுது, ஒண்ணும் கேக்கல. இங்க பதினஞ்சு பேரு உக்காந்திருக்கோம்."

"சேச்சி, ஹெட்போன் இடு!" என்று கிசுகிசுத்தாள் சிஜி. ஹெட்போன் மைக்கின் பின்னால் செருகியபடியே கிடந்தது. தலையில் வைத்த பூ நசுங்குமென்று அழகு பார்த்துக் கழற்றி வைத்தவளும் இசக்கிசெல்விதான். மாட்டினாள். "பச்சைக் கரை" என்றாள், கேட்டது. "மாம்பழ" என்பதற்குள் குரல் அறுந்துபோனது. அந்த நொடியில் மைக்கைப் பார்த்தாள். சிவப்பு. உச்சியிலிருந்து ஒரு துளி சந்தனத் தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. பச்சை. மறுபடி சிவப்பு.

அடப் பாவமே, பிள்ளையாரே! தொட்டால் அடைபடுகிற இடத்தில் ஈரச் சந்தனம் உட்கார்ந்துகொண்டு விரல் மாதிரி தொட்டுத் தொட்டு விளையாடுகிறது.

துடைத்தால் தீர்ந்தது. ஆனால் எதைத் துடைப்பது? அண்ணாச்சி கையால் வைத்த பொட்டை, முதல் நாள், தொடங்கிப் பத்தாவது நிமிஷத்தில், அவர் கண் முன்னாலேயேவா? பொட்டை அழிப்பதென்றால் அந்தக் கடையில் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். அழித்துவிட்டு லைவும் கெட்டால் லைனிங் பிரிவுகூட மிஞ்சாது. அழிக்காவிட்டால் லைனிங் நிச்சயம். நாற்பது பேர்தான் இருந்தார்கள்.

இசக்கிசெல்வி கையை நீட்டினாள். அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "ஏ பிள்ள!" என்று ஒரு அடி முன்னே வந்தார்.

மூன்று விரலால் சந்தனத்தை மொத்தமாக வழித்து, அப்படியே தன் நெற்றியில் இழுத்துக்கொண்டாள். குங்குமத்தோடு, பட்டையாக. மிச்ச ஈரத்தைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்து, சிவப்பாயிருந்த மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள்.

பச்சை எரிந்தது. எரிந்தபடியே நின்றது.

"சாமி சந்தனம், கீழ போடக்கூடாதுல்லா அக்கா, அதான் நான் வச்சுக்கிட்டேன்" என்றாள் கேமராவைப் பார்த்து. "இப்ப கேக்கா? கேக்கும்! எங்க அண்ணாச்சி எனக்கு வச்ச பேரே தகர டப்பா. இந்தப் பச்சைக் கரை இருக்கே, இதக் கட்டிக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போனா, மாமியா உங்க கிட்ட இரவல் கேப்பா!"

அண்ணாச்சி எடுத்து வைத்த அடியிலேயே நின்றுவிட்டார். அவளுடைய நெற்றியைப் பார்த்தார், மொட்டையாக நின்ற மைக்கைப் பார்த்தார். நாற்பது எண்பதானது. ஐந்து மணிக்கு இருநூற்றுப் பத்தாக இருந்தது. மாம்பழக் கலரில் ஒரு சேலைகூட மிச்சமில்லை.

இசக்கிசெல்வி நன்றி சொல்லிக் கும்பிட்டாள். மைக்கின் உச்சியைத் தொடவே பயமாக இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி திரும்பிப் படியில் இறங்கப்போனார், போனவர் கீழே பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"லைனிங்குக்கு வேற ஆளப் பாருங்கப்பா! இவ இங்கனயே இருக்கட்டும்!"

திரையில் வள்ளியூர் கலைச்செல்வி எழுதினாள்: 'அண்ணாச்சி சொன்னது எங்களுக்கும் கேட்டுட்டு.'

மைக் இன்னும் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.