மலர் வேலையும் என் மணிக்கட்டும்

மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, பெருவிரலின் அடிச்சதை வற்ற ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் மரத்த விரல்கள் மரத்தபடியே நின்றுவிடலாம். செய்தால் பழைய வேகம் திரும்புமா என்று கேட்டேன். "பெரும்பாலும்" என்றார். அந்தப் பெரும்பாலும்தான் என்னைத் தின்றது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அந்த டிகிரிக்குக் கிடைத்தது மயிலாப்பூரில் ஆம்ப்ரோஸ் அங்கிளின் டிடிபி கடையில் தமிழ் டைப்பிங். விரல் போனால் எல்லாம் போச்சு.

அங்கிள் எங்கள் பங்குக் கோயில் கமிட்டியில் செயலாளர். ஜூபிலி மலர் அவர் பொறுப்பு. பெயர் அவருக்கு, அடிப்பது, பிழை பார்ப்பது எல்லாம் நான். மலர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு குடும்பமே வந்திருந்தது. நான் மரத்த கையை உதறிக்கொண்டிருந்தேன்.

"இன்னா வெரோனிகா, கைய ஆட்டிக்கினே கீறே?"

"நரம்புப் பிரச்சனை அங்கிள். ஆபரேஷன் சொல்றாங்க."

"நரம்புத் தளர்ச்சியா? அதுக்கு எதுக்கு ஆபரேஷன்? திருவல்லிக்கேணி லாட்ஜுக்கு மாசாமாசம் வைத்தியர் வர்றாரே, போய்ப் பாரு!"

கடையே சிரித்தது. லாட்ஜ் வைத்தியர் எந்தத் தளர்ச்சிக்கு மருந்து தருவார் என்று சுவரொட்டி படித்த எவருக்கும் தெரியும். மாப்பிள்ளைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். வருகிற திங்கட்கிழமையே செய்துவிடச் சொன்னேன். மலர் அச்சுக்குப் போகிற வாரம்.

சொன்னதும் அங்கிளுக்கு முகம் வெளுத்தது. "சோத்துக் கைம்மா அது. அவசரப்பட்டுக் கத்தி வெக்காதே."

"யாரு சோத்துக்குப் பயப்படுறீங்க?"

"பிஷப்பு வர்றாரும்மா! மலர யாரு அடிப்பா?"

"லாட்ஜ் வைத்தியரைக் கூப்பிடுங்க."

ஆபரேஷன் மேஜைமேல் கையை நீட்டிப் படுத்தேன். ஒரு கிழவனின் கேலிக்காகக் கையைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். எழுந்து ஓடவில்லை.

தையல் பிரிப்பதற்குள் மலர் வெளிவந்தது. முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள் சான்ட்ரா, என் பக்கத்து வீட்டுக்காரி. அங்கிளே ஒற்றை விரலால் அடித்திருக்கிறார். 'ர' என்று நினைத்துத் துணைக்காலைத் தட்டி, புள்ளியையும் விட்டிருக்கிறார். பிஷப்பை 'ஆயர்' என்று போட வேண்டிய இடத்தில், அவர் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: மேதகு ஆயா அவர்களின் வாழ்த்துரை.

போனைக் கட்டுப்போட்ட கைக்கு மாற்றினேன். பெருவிரலில் கண்ணாடியின் சில்லிப்பு தெரிந்தது. அந்தப் படத்தைக் கோயில் இளைஞர் குழுவுக்கு அனுப்பினேன். பாடகர் குழுவுக்கு அனுப்பினேன். கடைசியில் அங்கிளுக்கே அனுப்பினேன். எல்லாம் அந்த விரலால்.