மெர்லின் கண்டுபிடித்த காரணம்

துறைமுகத்தில் கண்டெய்னர் மேலிருந்து விழுந்து, காலில் தகடு வைத்துக்கொண்டு கல்மண்டபம் பகுதியிலுள்ள வீட்டுக்கு வந்த சிலுவைமுத்துவின் பக்கத்தில் மகள் மெர்லின் போகவே இல்லை. ஆறு வயது. முன்பெல்லாம் அவன் வேலை முடிந்து வந்தால் லுங்கி மாற்றக்கூட விடாமல் தோளில் ஏறுபவள். இப்போது கூப்பிட்டால் கதவோரம் நின்று தரையைப் பார்த்தாள். கால்கட்டைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்து அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது மனைவி ஐரீனுக்குத் தாங்கவில்லை.

மகளுக்குத் தலை பின்னும்போது, ஏன் நைனாவிடம் போவதில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்கூல்ல யசோதரா டப்பாலேந்து முட்ட துன்னேன்மா. அதான் நைனா வுழுந்துட்டாரு."

தவக்கால நோன்பில் அந்த வீட்டில் முட்டைகூடக் கிடையாது. ஐரீனுக்குச் சிரிப்பு வந்தது. கண்டெய்னர் மேலே எண்ணெய் சிந்திக் கிடந்தது, வழுக்கிவிட்டது என்றாள். அதுவுமில்லாமல் நைனா விழுந்தது காலையில், நீ தின்றது மத்தியானம், அப்புறம் நடந்தது எப்படி அவரை முன்னாலேயே தள்ளிவிடும் என்று கேட்டாள்.

"நான் துன்னப்போறது ஆண்டவருக்கு முன்னாடியே தெரியும்ல? நீதான சொன்ன."

ஐரீனின் கையில் சீப்பு நின்றது. சொன்னவள் அவள்தான். இந்த வீட்டில் யாரோ நோன்பை மீறியதால்தான் இப்படி ஆனது என்று ஆஸ்பத்திரியில் அழுததும் அவள்தான். துறைமுக வாசலில் பீஃப் வறுவல் தின்றிருப்பான் என்று கணவனை நினைத்துச் சொன்னது. பக்கத்தில் நின்ற குழந்தை தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

கட்டிலிலிருந்து சிலுவைமுத்துவின் குரல் வந்தது.

"நீ இல்ல கண்ணு. நான்தான். அன்னிக்கு வேலைக்குப் போசொல்ல பீஃப் துன்னுட்டேன்."

ஐரீன் கேட்டபோதெல்லாம் அந்தோணியார்மேல் ஆணையிட்டு மறுத்தவன்.

மெர்லின் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மகளின் தலைக்கு மேலாக அவன் ஐரீனைப் பார்த்துச் சிரித்தான். மகளுக்காகப் பொய்யாகப் பழியேற்கும் இவனையா இத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இனிமே துன்னாத நைனா," என்றாள் மெர்லின். "அடுத்த தபா செத்துடுவ."

அவன் சிரிப்பு போய்விட்டது. ஐரீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா அன்னிக்கு சொன்னது தப்புடா. நைனா ஒண்ணும் துன்னல. ஆண்டவரு யாரையும் தள்ளி வுடமாட்டாரு."

மெர்லின் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவின் கழுத்திலிருந்து அவள் கை மெல்ல நழுவியது.

"அப்போ நான்தானா?"