குளியலறையில் ஒரு கைப்பிடி

"எப்படி விழுந்தே பாப்பா?"

"சோப்புத் தண்ணிண்ணா. வழுக்கிடுச்சு."

"பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையா அங்க?"

"குழாய் மட்டும்தான் இருக்கு."

"சரி, ஞாயித்துக்கிழமை வந்து ஒரு கைப்பிடி மாட்டித் தரேன்."

போனில் நடந்த இந்தப் பேச்சை அவள் வாரம் முழுவதும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. காய்ந்த தரையில் நின்றவளைக் கணவன்தான் பிடித்துத் தள்ளினான். சுவரில் மோதி மணிக்கட்டு முறிந்தது. இந்த வீட்டை விட்டுப் போவதென்றால் அவளுக்கு அண்ணன் வீட்டு வாசல் ஒன்றுதான். அங்கே வந்துவிடட்டுமா என்று கேட்க வேண்டும் என்ற நினைப்பு கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே இருக்கிறது. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் கணவன் கதவோரம் வந்து நிற்பான். "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். உங்க அண்ணன் காதுக்கு ஒரு வார்த்தை போனாலும் அடுத்தது கழுத்துதான் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

சொன்னபடி அண்ணன் வந்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். பக்கத்து வீட்டு கார்பெண்டரிடம் இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷின் ஒரு கையில், செய்தித்தாளில் சுற்றிய கனமான ஸ்டீல் கைப்பிடி மறு கையில். கணவன் குளியலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர் என்ற தோரணை வீட்டிலும் இறங்காது.

அண்ணன் டைல்மேல் டேப் ஒட்டி, பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தான். மேல் ஓடு துளைபடும்வரை மெஷின் சும்மா சுற்றினால் போதும், செங்கல் தட்டுப்பட்ட பிறகுதான் இடித்துத் துளைக்கிற ஹேமர் விசையைப் போட வேண்டும் என்று கார்பெண்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் மாவுக்கட்டு போடாத கையால் தூசிக்கு ஒரு பழைய டப்பாவை ஏந்தினாள். மெஷினின் துளைக்கும் பிட் மெதுவாக டைலுக்குள் இறங்கியது.

"என்ன மச்சான், சுவரைத் தடவிக் குடுக்கறீங்க? தூங்கிடப் போகுது."

அண்ணன் சிரித்தான். "சொல்லிக் குடுத்ததைச் செய்யறேன் மாப்பிள்ளை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்டியரிங்தான்."

முதல் துளை சுத்தமாக விழுந்தது. இரண்டாவதற்கு மெஷினை வைப்பதற்குள் கணவன் பிடுங்கிக்கொண்டான். நாள் பூராவும் டைல்ஸ் விற்கிறவனுக்கே பாடமா என்று முணுமுணுத்தபடி எடுத்த எடுப்பில் ஹேமருக்குத் திருப்பினான்.

அறையே அதிர்ந்தது. காதைக் கிழிக்கும் சத்தத்தோடு டைல் மேலிருந்து கீழ்வரை பிளந்து சிதறியது. ஒரு சில்லு அவன் கன்னத்தைக் கீறிக்கொண்டு போனது. விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சனியனே, ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?"

பழகிய கை. வீட்டில் இன்னொரு ஆள் நிற்பதையே மறந்துவிட்டது. காதோடு சேர்த்து விழுந்த அறையில் அவள் வாஷ்பேசினில் மோதிச் சரிந்தாள். அவள் கத்தவில்லை. முழங்காலை மடக்கி, தலையை உள்ளே இழுத்து, மாவுக்கட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு நாளில் வருகிற பழக்கமில்லை அது. அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் வழுக்குச்சாடா?"

கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனைச் சுவரில் அறைந்தான். உடைந்த டைலின் விளிம்பு கணவனின் முதுகைக் கிழித்தது. இது புருஷன் பொண்டாட்டி விஷயம், வெளியே போ என்று கணவன் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே மெஷினின் விசையை அழுத்தினான். சுற்றுகிற பிட் அண்ணனின் தோளை உரசியது. சட்டை சுருண்டு சதையோடு கிழிந்தது. இரண்டாம் முறை அது கழுத்தை நோக்கி வந்தபோது அவள் தரையில் கிடந்தபடியே வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. மெஷின் அடங்கியது.

அண்ணனின் கையில் இப்போது ஸ்டீல் கைப்பிடி. முதல் அடியில் கணவனின் முன்கை எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் டைல் சில்லுகள் மேல் விழுந்து, தலையைக் காப்பாற்றக்கூடத் தெம்பில்லாமல் புரண்டான். அண்ணன் கைப்பிடியை மறுபடியும் தலைக்குமேல் ஓங்கினான். அவன் முகம் அவளுக்குத் தெரிந்த முகமாகவே இல்லை.

இந்த அடி விழுந்தால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். அண்ணி அழுதுகொண்டு நிற்பாள். அந்த வாசலும் அடைபட்டுவிடும். அவள் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் உதறினான். அவள் விடவில்லை.

"வேண்டாம்ணா, போதும். அவன் எப்படியோ போகட்டும்." குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. "என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுண்ணா."