ஒரு வீட்டு மைக் மட்டும்

…அந்த ஈஸ்டர் பாட்டின் மூன்றாவது வரியில்தான் எல்லாம் இருக்கிறது, முதல் இரண்டு வரியும் பேச்சு மாதிரி ஓடிவிடும், மூன்றாவதில்தான் ராகம் படியேறிப் போய் உச்சியில் ஒரு கணம் நிற்கும், அங்கேதான் நேற்றும் உடைந்தது, முந்தாநாளும் உடைந்தது. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடிப் பார்த்தபோது காய்ந்த பனையோலையைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது தன் தொண்டையில் இருந்துதான் வந்தது என்று நம்பக் கிரேசிக்குச் சற்று நேரம் பிடித்தது. இன்றைக்குக் குழாய் கிடையாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மைக்கைத் திறந்துவிட்டு, மருமகளுடைய சபை மொத்தமும் கேட்க, அதே வரியைப் பாடியாக வேண்டும். சாப்பாட்டு மேசைமேல் மகன் ஸ்டெபின் விட்டுப்போன மடிக்கணினி, முகம் நேராகத் தெரிய வேண்டும் என்று அதற்கு அடியில் முட்டுக்கொடுத்த இரண்டு கேக் டப்பா, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஹாரன். இங்கே ஈஸ்டர் முடியப்போகிறது, விடியுமுன் எழுந்து கோவிலுக்குப் போய், கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி வைத்து, கறிக்குழம்பு வைத்து, தின்று, படுத்து எழுந்தும் ஆயிற்று. கனடாவில், வின்னிபெக்கில், இப்போதுதான் கிழக்கு வெளுக்கிறதாம். அவர்களுடைய விடியல் ஆராதனை முத்தையாபுரத்துச் சாயங்காலத்தில்… ஆண்டவர் இரண்டு தடவை எழுந்திருக்கிற மாதிரி, என்று நினைத்தாள், அப்படி நினைக்கலாமா, தெரியவில்லை.

மெனோனைட் சபை, அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்லவே அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. ஸ்டெபின் ஹன்னாவைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே அவள் வீட்டுக்காரர் மகாராஜன் யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டு, ஏளா கிரேசி, ஒம் மவன் குதிரை வண்டி ஓட்டுத வீட்டுல பொண்ணெடுக்கான்ளா என்று வீடே அதிரச் சிரித்தார். அது வேற கூட்டம்ப்பா, ஹன்னா ஓட்டுத வண்டியப் பாத்தா நீங்க பயந்துருவீங்க, என்றான் பையன். அவர்கள் பட்டாளத்தில் சேரமாட்டார்களாம், யார் அடித்தாலும் திருப்பி அடிக்கமாட்டார்களாம், நானூறு ஐந்நூறு வருஷமாகச் சண்டை வேண்டாம் என்பதுதான் அவர்கள் கொள்கையாம். சண்டையே போடமாட்டாளா, அப்போ மாமியார்னு நீ இருந்து என்னளா பிரயோசனம், என்று அதற்கும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடித்தொண்டையில் இருந்து வருகிற சிரிப்பு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவனோடு பேசுவதென்றாலும் கத்தித்தான் பழக்கம், ஆனால் கத்துவதற்கு முன்னால் அந்தக் குரல் பாடுகிற குரலாக இருந்தது… கோவில் பாட்டுக்குழுவில் பின்வரிசையில் ஆண்களின் அடிக்குரலான பாஸ் அவர், முன்வரிசையில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ இவள், பிடரியில் ஒரு குரல் உரசிக்கொண்டே இருந்தால் எவள்தான் திரும்பிப் பார்க்கமாட்டாள், ஒத்திகை முடிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்குகிற சாக்கில் எத்தனை மாலை, வீட்டில் எத்தனை பொய்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து நினைவு வந்தபோது அவர்தான் பக்கத்தில் இருந்தார். டாக்டர் நல்ல மனிதர், மறைக்கவில்லை, கட்டி நரம்போடு ஒட்டியிருந்தது, பேச்சு வந்துரும்மா, பாட்டு எப்படின்னு போகப்போகப் பார்ப்போம், என்றார். பேச்சு வந்தது. பாட்டுக்குழுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள், மூன்றாவது ஞாயிறு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள், பாவம் கிரேசி என்ற சத்தம் அங்கே வரைக்கும் வந்தது. அதே ஞாயிறு அவரும் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், எனக்கும் வயசாயிட்டுல்லா, தொண்டை போச்சுளா, கிரேன் தூசி. இவள் தோண்டிக் கேட்கவில்லை. ஸ்டெபினிடம் மட்டும் இருவருமே சொல்லவில்லை, தூரதேசத்தில் இருக்கிற பிள்ளை, என்னம்மா குரல் கரகரங்குது என்று கேட்கிறபோதெல்லாம் சளிப்பா. இரண்டு வருஷமாகச் சளி. அதனால்தான் இந்த வினை! எங்க அம்மா மாதிரிப் பாட ஆள் கிடையாதுன்னு அவன் அங்கே போய் அளந்துவைத்திருக்கிறான், அந்தப் பெண் அதை நம்பி, அத்தே, ஈஸ்டர் விடியலுக்கு உங்கள் வீடுதான் பாட்டை முன்னின்று பாட வேண்டும், எனக்காக, என்று கேட்டுவிட்டது. அத்தே என்கிற ஒரு வார்த்தை மட்டும் தமிழில், மீதி இங்கிலீஷில், முடியாது என்று எப்படிச் சொல்வது… சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று சொன்னால் இரண்டு வருஷத்துப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும்.

அந்தச் சபையார் பாடுகிற முறையே தனி. ஆர்கன் இல்லை, பியானோ இல்லை, தாய்ப்பாலோடு நான்கு குரலையும் குடித்தவர்கள் போலச் சின்னப்பிள்ளைகூடத் தன் பாகத்தை எடுத்துக்கொள்கிறது. கொரோனாவில் கோவிலை மூடியபோது கணினிக்கு வந்தார்கள், பண்ணைகளிலும் வேறு ஊர்களிலும் சிதறிக் கிடக்கிற சனம் என்பதால் விடியல் ஆராதனையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் மைக்கைத் திறந்தால் ஒருவர் குரல் இன்னொருவருக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்து பாட்டு சந்தைக்கடை ஆகிவிடும், ஆகவே ஒரு வீட்டு மைக் மட்டும் திறந்திருக்கும், அந்த வீடு ராகத்தைப் பாடும், மற்ற வீடுகள் மைக்கை அடைத்துக்கொண்டு அதோடு சேர்ந்து தங்கள் தங்கள் பாகத்தைப் பாடிக்கொள்ளும். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையையும் பார்த்தாள், வீட்டுக்கு வீடு மெழுகுவர்த்தியை ஊதிவிட்டுத் திரையை அணைத்தார்கள், ஒவ்வொரு கட்டமாகக் கறுத்துக் கடைசியில் கணினி முழுக்க இருட்டு, அந்த இருட்டில் தன் முகம் நிழலாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சுவருக்கு அந்தப்பக்கம் மிக்சி அலறியது. ஏளா இசக்கியம்மா, அரை மணி நேரம் பொறுளா, இங்கன ஆராதனை நடக்கப்போவுது, என்று கிரேசி குரல் கொடுத்தாள். மிக்சி நின்றது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, காலையிலதான் சாமி எந்திரிச்சிட்டாருன்னு கேக்கு குடுத்தீயளே அக்கா, மறுபடியும் படுத்துட்டாரா, என்றாள். கனடாவுலளா. அங்கன லேட்டாத்தான் எந்திரிப்பாரோ, சரி சரி, சட்னி கிடக்கட்டும், நல்லாப் பாடுங்க. நல்லாப் பாடுங்க… மகாராஜன் எங்கே, பின்வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், துடைத்ததையே துடைக்கிறார். காலையில் ஒரு தடவை கேட்டார், முடியுமாளா என்று, முடியும் என்றாள். அவர் முன்னால் பாடி உடைவதற்கு இவளுக்கு மனசில்லை, அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்புக் கட்டங்கள் ஒன்றொன்றாக வெளிச்சமாயின. ஒரு பண்ணை வீட்டு அடுப்படி, கம்பளித் தொப்பியோடு ஒரு தாத்தா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு அம்மாள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவன், எல்லார் முகத்திலும் மெழுகுவர்த்தி. ஸ்டெபினும் ஹன்னாவும் ஒரு கட்டத்தில், ஹன்னா இவளைப் பார்த்துத் தலையசைத்தாள், சுருதிக்குழலை ஊதி, நான்கு பாகத்துக்கும் நான்கு சுரம் முனகிக் காட்டினாள், மேலிருந்து கீழே. முனகி முடித்துக் கையை உயர்த்தினாள். கிரேசி அன்மியூட்டை அழுத்தினாள். எல்லோரும் பாடுகிற ஈஸ்டர் பாட்டு, ராகம் ஒன்று, வார்த்தைதான் வேறு, அவர்களுக்கு இங்கிலீஷ், இவளுக்குத் தமிழ், வாயைத் திறந்தாள், வந்தது… வந்துவிட்டது, உடையாமல், கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கனமாக, அடடா என்று மனம் துள்ளுவதற்குள் காது சொல்லிவிட்டது, இது ராகம் இல்லை! ஆல்டோ. ராகத்தைப் பிடிக்க வேண்டிய வாய், முப்பது வருஷப் பழக்கத்தில், ஹன்னா காட்டிய நான்கில் இரண்டாவது சுரத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. சபைக்கே கேட்கிற ஒரே குரல் ராகத்தைப் பாடாமல் அதற்கு அடியில் போகிற துணைக்குரலைப் பாடுகிறது, சுவர் இல்லாத வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. உலகத்தில் ஆல்டோக்காரியைத் தவிர வேறு யாராவது இப்படிப் பிழை செய்வார்களா? நிறுத்திவிடலாமா, மன்னிப்புக் கேட்டு மறுபடி தொடங்கலாமா, தொடங்கினால் அந்த மூன்றாவது வரி… ஹன்னாவின் கண்கள் அகல விரிந்தன, ஒரு கணம், அப்புறம் அவள் சிரித்தாள், கையை நிறுத்தவில்லை, தாளத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள், போங்க அத்தே, போங்க, என்கிற மாதிரி.

போனாள். மூன்றாவது வரி வந்தது, ஆல்டோவுக்கு அங்கே ஏற்றமே கிடையாது, ராகம் எத்தனை உயரம் ஏறினாலும் ஆல்டோ இடுப்பில் கைவைத்துக் கீழேயே நிற்கும், இத்தனை நாள் குழாயடியில் இது தோன்றவே இல்லையே! நின்றாள். கட்டங்களைப் பார்த்தாள். எல்லா வாயும் அசைந்துகொண்டிருந்தது. தொப்பித் தாத்தா புருவத்தைத் தூக்கி ராகத்தின் உச்சியை எட்டிப் பிடிக்கிறார், அவர் கழுத்து நரம்பே சொல்கிறது, ஆக்சிஜன் குழாய் அம்மாளின் உதடு அசைகிறது, பண்ணை வீட்டில் மூன்று பேர் தோளோடு தோள் சேர்த்து வாய் பிளந்து… இவள் விட்டுவிட்ட ராகத்தை வீட்டுக்கு வீடு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், ஒரு சத்தமும் இவளுக்கு வராது, ஆனால் அத்தனை வீட்டிலும் இவள் குரலுக்கு மேல் ராகம் இருக்கிறது. அழாதே கிரேசி, பல்லவி வருகிறது, பல்லவியில்… ஐயோ, பல்லவியில் மூன்று குரலும் நிற்கும், பாஸ் மட்டும் தனியே கீழிருந்து ஏறும், ஒரு முழு அடி, இவள் வாயை மூட வேண்டும், மூடினால் திறந்திருக்கிற ஒரே மைக்கில் ஒன்றுமே இருக்காது, அத்தனை வீட்டிலும் திடீர் இருட்டு.

வாயை மூடினாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, பின்வாசல் பக்கமாக, அது ஏறியது. தரையிலிருந்து, ஓடு போட்ட தளத்துக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, அவசரம் இல்லாமல், ஒவ்வொரு படியிலும் காலை முழுசாக ஊன்றி, பிடரியில் வந்து உரசியது, மேசைமேல் இருந்த தம்ளர் லேசாக அதிர்ந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவ்வளவுதான். அடுத்த அடியில் இவள் சேர்ந்துகொண்டாள், ஆல்டோவும் பாஸும், கணினியில் ஹன்னா வாயைப் பொத்திக்கொண்டாள், ஸ்டெபின் எழுந்தே நின்றுவிட்டான், அவன் முகம் கட்டத்துக்கு வெளியே போய்ச் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது. அடுத்த சரணம், அதற்கடுத்த சரணம், துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது, ஊதட்டும், எத்தனை ஊதினாலும் ஊதட்டும், எங்கள் சத்தம் கனடாவுக்குப் போகிறது!

முடிந்ததும் எல்லா மைக்கும் ஒரே நேரத்தில் திறந்தன, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், மெய்யாகவே உயிர்த்தெழுந்தார், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பிந்தி, முந்தி, சந்தைக்கடையேதான், அதைவிட அழகான சந்தைக்கடையை அவள் கேட்டதில்லை. அத்தே, ராகத்தை எங்களிடம் கொடுத்துவிட்டீர்களே, எங்கள் வீட்டில் அடித்துப் பிடித்து அதை வாங்கினோம், என்று சிரித்தாள் ஹன்னா, சண்டை போடமாட்டார்கள் என்றார்களே. அம்மா, அது சளியில்லையே, என்றான் ஸ்டெபின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இல்லப்பா. ஆபரேஷன்ல உயரம் போச்சு. கீழ உள்ளது இருக்கு. எவ்வளவு எளிதாக வந்துவிட்டது அந்த வாக்கியம்.

மகாராஜன் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார், பாத்திரம் உருளும் சத்தம். அவள் நாற்காலியிலேயே இருந்தாள், உடம்பெல்லாம் வேர்த்து, லேசாகி, இனிமேல் பின்பெஞ்சு கிடையாது, அடுத்த ஞாயிறு முன்வரிசையில் நிற்பேன், யார் பாவம் என்று சொல்லட்டும் பார்ப்போம்… அந்தப் பல்லவியில் அவர் குரல் ஏறியதே, கடைசிப் படிவரைக்கும் ஒரு பிசிறு இல்லாமல், மூச்சு சரியான இடத்தில் எடுத்து… இரண்டு வருஷம் கட்டிப்போட்ட தொண்டை அப்படித் திறக்குமா? அவள் தொண்டையைத்தான் அவளுக்குத் தெரியுமே, ஒரு மாதம் விட்டாலே துருப்பிடித்துப்போகும். இங்கே வீட்டில் ஒரு நாள்கூட ஒரு முனகல் கேட்டதில்லை. இதோ பாருங்க, என்று கூப்பிட்டாள், இந்த ரெண்டு வருஷமா எங்க வச்சுப் பாடிட்டு இருந்தீங்க? அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. எங்கன பாடுனேன், ஒண்ணும் பாடல, டீக்கு இஞ்சி போடட்டாளா, என்றார். போடுங்க, என்றாள். கிரேன் ஏணி எத்தனை உயரம் இருக்கும், அத்தனை உயரத்தில் பாடினால் யாருக்குக் கேட்கும், இறங்கி வரும்போது ஒவ்வொரு நாளும் அந்தக் குரலை எங்கே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார், இவள் காதில் விழாதபடி…