அத்தி வேருக்கு அரைக் கிலோ மயில்துத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னது நான்தான். அடைப்பெடுக்க வந்தவர் குழாயிலிருந்து முழ நீளத்துக்கு அத்தி வேரை உருவிப் போட்டுவிட்டு, "வீட்ல எத்தனை பேர்மா?" என்றார். "நாலு பேர்" என்றேன். நான், மகன், மருமகள், பேத்தி என்று விரல் விட்டு எண்ணியும் காட்டினேன். மற்ற மூவரும் போய் ஆறு வருடம் ஆகிறது. [சண்டை எதுவும் இல்லை. வேலை கிடைத்தது, போனார்கள். சண்டையாவது போட்டிருக்கலாம்.]

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

'மரத்தின் வேர் ஈரத்தைத் தேடி...' பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

'ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்...' யாரை ஏமாற்றுகிறேன்? எனக்கு மீசை ஒட்டினால் நிற்காது.

'அவள் தனியாக'

அடித்துவிட்டேன்.

3

விஷயத்துக்கு வருகிறேன். "மரத்த வெட்ட வேணாம்மா" என்றார் அவர். "மயில்துத்தம் வாங்கி, கக்கூஸ்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டித் தண்ணி ஊத்துங்க. குழாய்க்குள்ள இருக்கிற வேர் மட்டும் செத்துடும். நாலு பேர் புழங்குற வீடு, அரைக் கிலோ தாங்கும்."*

* பார்க்க நீலக் கற்கண்டு. அளவு மீறினால் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் கிருமிகளையும் கொன்றுவிடும். நாலு பேர் ஊற்றும் தண்ணீரில் வீரியம் குறையும். ஒருத்தி ஊற்றும் தண்ணீரில் குறையாது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இருந்தும் அரைக் கிலோவையும் கொட்டினேன். பாதியை மிச்சம் வைத்தால், நான் ஒருத்திதான் என்று என் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு மனசு வரவில்லை.

4

மூன்றே வாரம். பின்பக்கம் நிற்க முடியாத நாற்றம். அவரையே மறுபடி கூப்பிட்டேன். மூடியைத் திறந்து கம்பை விட்டுக் கிளறினார்.

"தொட்டி செத்துக் கிடக்கு. ஆள் புழங்குற வீடு மாதிரியே இல்லையேம்மா."

"வார நாள்ல எல்லாரும் காலைல போனா ராத்திரிதான் வருவாங்க."

"பேத்தி ஸ்கூல் போகுதா?"

"ஆமா."

பேத்தி இப்போது என்னைவிட உயரமாம். தொலைபேசியில் சொன்னார்கள்.

5

கதைக்கு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் 'ஐயோ பாவம்' என்று பார்க்கிறார். மாதக்கணக்கில் யாரும் நின்று பார்க்காத முகத்தை முதலில் வந்து பார்ப்பது அந்தப் பார்வையாகவா இருக்க வேண்டும்? வேண்டாம்.

(ஆ) அவருக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை. அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

(இ) எழுதுவதற்குள், கதைக்குள் அவர் குழாய் வாய்க்குக் குனிந்துவிட்டார்.

"வேர் போயிருக்கான்னு பாத்துடலாம். ஞாயித்துக்கிழமைதானே, எல்லாரும் வீட்ல இருப்பாங்க. உள்ள யாரையாவது ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொல்லுங்க. நீங்க முட்டி வலியோட நடக்காதீங்க."

நான் அவர் பக்கத்திலேயே நிற்கிறேன். பயமாக இருக்கிறது. அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேன்."

இதோ, சொல்கிறேன். நடையில் இடது கைப்பக்கம் இரண்டாவது கதவு. வாளியில் தண்ணீர் நிறைந்துதான் இருக்கிறது. இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டு என்னோடு இருந்தது நீங்கள் மட்டும்தான்.

ஊற்றுங்கள்.