பூசைக்கு முந்தைய நாள்

பென் டிரைவைச் செருகிவிட்டு சுலக்ஷனா பெக்கப் சேர்வரின் பொத்தானை அழுத்தியபோது காலை பத்தே கால். பிரதேச செயலகத்து வேன் மூன்று மணிக்கு வரும். முந்தாநாள் இடியில் தேயிலைத் தோட்ட அலுவலகத்தின் பெரிய சேர்வர் கருகிப்போயிருந்தது. அதற்குத் துணையாக மேசைக்கடியில் கிடந்த இந்தப் பெட்டியோ, எத்தனை தடவை தட்டினாலும் வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டிய கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டிவிட்டு மௌனவிரதம் இருந்தது. ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஃப்ஹம் நானா தொலைபேசியில் வழி சொன்னார்.

“நான் தந்த ரிக்கவரி பென் டிரைவ் ஈக்குதானே தங்கச்சி? அதுல இருந்து எழும்பும். பயப்பட வேணாம்.”

பயப்படக் காரணம் இருந்தது. கார்த்திகை மண்சரிவில் மேற்பிரிவுத் தொழிலாளர்கள் குடியிருந்த இரண்டு லயங்கள், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களோடு, போயின. மிஞ்சிய முப்பத்தொரு குடும்பங்கள் பழைய தேயிலை ஸ்டோருக்குள் சேலையால் தடுப்புக் கட்டிக்கொண்டு மாசி வரைக்கும் வந்துவிட்டன. அவர்களுக்கு வீடு கொடுப்பதற்கான விபரங்களை மார்கழி முழுக்க ஒவ்வொருவராக நிற்க வைத்துக் கேட்டு ஏற்றியவள் சுலக்ஷனா. தாளில் எழுதினால் நனைந்து நாசமாகும், நேரே கணினியில் போடலாம் என்றது அவள் யோசனை. தோட்டத் துரையே பாராட்டினார். அவளும் ஒரு வாரம் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தாள். அச்செடுப்பதைக் கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள். இன்றைக்குப் பட்டியல் கொடுக்காவிட்டால் வீடுகள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்.

பெட்டி எழும்பியது. நீலத்திரையில் எதிலிருந்து மீட்க வேண்டும் என்று கேட்டு, சேமித்து வைத்திருந்த நாட்களை வரிசையாகக் காட்டியது. கடைசி நாள் புரட்டாசியில் நின்றது. அவள் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். ஆயுத பூசைக்கு முந்தைய நாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பூசையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து கொழுந்து நிறுக்கும் தராசு வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள். அலுவலகத்தில் எல்லாப் பெட்டிகளையும் நிறுத்திச் சந்தனம் வைத்தவள் அவள்தான். மறுநாள் காலை திரை உள்ளவற்றையெல்லாம் திரும்பப் போட்டாள். அப்போது திரையில்லாதிருந்த இதை யாரும் தேடவில்லை. ஐந்து மாதமாக அது நல்ல பக்தியோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“அதுக்குப் பொறகு உள்ளதக் கொண்டு வர முடியாதா நானா?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“எடுத்து வைக்காதத எங்கேந்து தங்கச்சி கொண்டு வாற? ஈக்கிறத ஏத்துங்க.”

ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குள் பெரிய கிளாக்கர் பாலச்சந்திரன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடம் மலையில் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. மூன்றாவது தடவை அவள் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

“பூசைக்கு நான்தாங்க ஐயா நிப்பாட்டுனேன். திரும்பப் போடல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி. கணக்கப்பிள்ளைட்டச் சொல்லி எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுவிப்பம். மூண்டு மணிக்குள்ள எத்தினை பேரை எழுதேலுமோ, அத்தினை பேரை எழுதும்.”

மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு முதலில் இறங்கி வந்தவர் செல்லசாமி. மார்கழியில் இதே இடத்தில் நின்று, குடும்ப விபரத்தை ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை தண்ணீர் கேட்டவர். அவர் மனைவி ரோகினி மண்ணுக்குள் போனவள். அந்தப் பெயரைத் தன் கையால் நீக்கியதும், அன்றைக்குச் சோறு இறங்காததும் சுலக்ஷனாவுக்கு நினைவிருந்தது. இன்னொரு தடவை கேட்பதா என்று அவளுக்கு அழுகையாக வந்தது. ஆனால் மணி பன்னிரண்டாகிவிட்டது.

“மிசின் பழுதாப் போச்சுங்க மாமா. திரும்ப எழுதணும். மன்னிச்சுக்குங்க.”

“அதுக்கென்ன, எழுதுங்க பிள்ள.”

அவருடைய பதிவு எண்ணைத் தட்டினாள். புரட்டாசி மாதத்து ஏடு திறந்தது. ஒன்பதாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா. செல்லசாமி, ரோகினி, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் தோட்ட அடையாள அட்டைக்காக எடுத்த படம். ரோகினி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காத முகத்தோடு இருந்தாள். சுலக்ஷனா திரையைத் திருப்பப் பார்த்தாள். அதற்குள் அவர் குனிந்துவிட்டார். அவர் வீட்டுப் படங்கள் ஒன்றுகூட மண்ணிலிருந்து வரவில்லை.

“குடும்பத்துல எத்தன பேருங்க மாமா?” என்றாள். படிவத்தின் முதற்கேள்வி அதுதான்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நாலுன்னு போட்டுருக்கே,” என்றார்.

வெளியே மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசை கட்டினார்கள். யாரோ செருப்புச் சேற்றைப் படியில் தேய்த்தார்கள். அவள் விரல் நீக்கும் விசைக்கு மேலே நின்றது. செல்லசாமி தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.